மூன்றில் இரண்டு பங்கு

இந்தக் கசேரியில ஆளு உண்டுமா தம்பி? இல்லியா, அப்பம் இருக்கேன். இந்தத் தூணு கொஞ்சம் மறைக்குது. அதான் எனக்கு வேணும்.

நீங்க யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கிய? மச்சினனா. தோஹாவில இருந்தா. நல்லது. எனக்க மகளும் தோஹாவில மாறி அந்த பிளேன்லதான் வாரா. பத்தே காலுன்னு போட்டிருந்தான், இப்பம் பதினொண்ணரைன்னு மாத்திட்டான். நான் ஏழு மணிக்கே வந்தாச்சு.

அந்தா, கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கா பாத்தியளா, நீலச் சேலை, கையில பிளாஸ்கு. அது எனக்க வீட்டுக்காரி, தங்கபாய். அவ அவளுக்க அண்ணன் கார்ல வந்தா. நான் மார்த்தாண்டத்துல இருந்து பஸ்சுல வந்தேன். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. சண்டை ஒண்ணும் இல்ல. சோறு போடுதா, துணி துவைக்கா. பேசுறதில்ல, அவ்வளவுதான். மகள் அவகிட்ட போன்ல சொல்லியிருக்கா, "அம்மை மட்டும் வந்தாப் போதும்"னு. நான் பக்கத்து ரூம்ல இருந்து கேட்டேன். அம்மை மட்டும். அதுக்காக அப்பன் வராம இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

எனக்கு நேசையன்னு பேரு. கரண்டு ஆபீசுல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனா எங்க பக்கத்துல வந்து லைன்மேன் நேசையன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. படம் நேசையன்னு கேக்கணும். என்ன படம்னு கேக்கியளா? கடைசிக் காலப் படம். யூத ஜனம் உலகமெல்லாம் சிதறிப் போகும், போன தேசத்துல எல்லாம் அடிபடும், பொறவு சொந்த மண்ணுக்குத் திரும்பி வரும், அங்கயும் பெரிய இக்கட்டு ஒண்ணு வரும், அதுல மிஞ்சினவங்க மீட்கப்படுவாங்கன்னு வேதத்துல சொல்லியிருக்கில்லா. அதை முழுசும் ஒரே துணியில பெயிண்டரை வச்சு எழுதி வச்சிருக்கேன். பன்னிரண்டு முழம் நீளம். மேடையில கட்டித் தொங்க விட்டுட்டு, பிரம்பால தொட்டுத் தொட்டுப் பேசுவேன். எலும்புகள் எந்திரிச்சு நிக்கிற பள்ளத்தாக்கு. ஜனம் கப்பல்ல வந்து எறங்குறது. நாப்பது வருசம் தம்பி. குலசேகரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் நான் பேசாத கன்வென்ஷன் கூட்டம் கிடையாது. அந்த ஜனத்தை நான் நேசிச்ச மாதிரி இந்தப் பக்கத்துல யாரும் நேசிச்சிருக்க மாட்டாங்க. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

படத்துக்க கடைசியில ஒரு இடம் உண்டு. சகரியா தீர்க்கதரிசி சொன்னது. தேசத்துல இருக்கப்பட்டவங்க மூணுல ரெண்டு பங்கு மாண்டு போவாங்க, மூணாவது பங்கு அக்கினியைக் கடந்து வரும்னு. அதுக்குப் பன்னிரண்டு ஆளு வரையச் சொன்னேன். எட்டுப் பேரு கறுப்பு, நாலு பேரு வெள்ளை. பெயிண்டர் கேட்டான், "அண்ணாச்சி, கறுப்புல பிள்ளையளும் வரணுமா?"ன்னு. வரைடே, பிள்ளையளைத் தனியா எடுத்து வச்சிருக்குன்னு சகரியா சொல்லல்லியேன்னேன். ரெண்டு பிள்ளையளை வரைஞ்சான். நல்ல கை அவனுக்கு. பிரம்பு அங்க போகும்போது பெண்ணுங்க எல்லாம் அழுவாங்க. பொறவு அல்லேலூயா சொல்லுவாங்க. கூட்டத்துல அதுதான் உச்சம்.

மகளுக்குச் சுகிர்தான்னு பேரு. ஒத்த மகள். நர்சிங் படிச்சா. அவளுக்கு அயர்லாந்துல வேலை கிடைச்சிருந்தது. கடுதாசி எல்லாம் வந்தாச்சு. நான்தான் வேண்டாம்னேன். இஸ்ரவேலுக்குப் போ மக்களேன்னேன். அங்க வயசான ஆளுகளை வீட்டுல இருந்து பாத்துக்கிடுற வேலை உண்டு, எத்தனையோ மலையாளிப் பெண்ணுங்க போறாங்க. "நீ நர்சா மட்டும் போகல்ல, வசனம் நிறைவேறுற இடத்துக்குப் போற"ன்னேன். அவ பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்தா. சின்ன வயசுல இருந்தே நான் சொன்னதுக்கு மறுபேச்சு கிடையாது. விசா வந்த அன்னைக்கு பாஸ்போர்ட்டை சபைக்குக் கொண்டு போனேன். வயசான பெண்ணுங்க அந்த ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

அவளுக்குக் கிடைச்சது ஒரு வயசான மனுசன். எண்பத்தியெட்டு வயசு. தெற்கே கடல்கரையில ஒரு ஊரு, பழைய கட்டடம், மூணாம் மாடி. பெண்டாட்டி செத்தாச்சு, பிள்ளையள் கிடையாது. முட்டு ரெண்டும் போச்சு, நடக்க மாட்டாரு. சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஹங்கேரி தேசத்துல யூதங்களைக் கூட்டம் கூட்டமாக் கொன்ன அந்தப் பெரிய கொலையில மாட்டித் தப்பினவராம். மகள் இதைச் சொன்ன உடனே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நான் நாப்பது வருசமாப் பிரம்பால தொட்டுக் காட்டுற ஆளு, எனக்க மகளுக்கக் கையால கஞ்சி குடிச்சிட்டு இருக்காரு!

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் போடுவேன். அவரு வேதம் வாசிக்காரா, மேசியாவைப் பத்தி என்ன சொல்லுதாரு, எருசலேம் இருக்க திசையப் பாத்து ஜெபம் பண்ணுதாரான்னு கேப்பேன். அவ சொல்லுவா, "அப்பா, அவரு டிவியில கால்பந்து பாப்பாரு. தக்காளியில முட்டையை உடைச்சு விட்டுக் குடுத்தா ரெண்டு தடவை வாங்கித் தின்பாரு." எனக்குக் கோவமா வரும். நான் கேக்கது தீர்க்கதரிசனம், இவ சொல்லுதது முட்டை.

போன வருசம் மே மாசம் எங்க சபை கன்வென்ஷன். நானூறு பேரு. பெரிய ஸ்கிரீன் வச்சிருந்தாங்க. எனக்கு ஒரு எண்ணம் வந்தது. படத்தை மட்டும் காட்டுறதைவிட ஆளையே காட்டினா? சுகிர்தாவுக்குப் போன் போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால்ல அவரை உக்கார வைன்னேன். "எதுக்குப்பா?"ன்னா. சும்மா ஒரு வணக்கம் சொல்லத்தான்னேன். "வணக்கம் மட்டுந்தானே?"ன்னு ரெண்டு தடவை கேட்டா. ஆமான்னேன்.

அவரு வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கசேரியில உக்காந்திருந்தாரு. அவதான் சீவி விட்டிருப்பா. ஸ்கிரீன்ல முகம் வந்த உடனே சனம் எந்திரிச்சு நின்னுது. அவரு கையைத் தூக்கிச் சிரிச்சாரு. அந்த நேரத்துல நான் நிறுத்தியிருக்கணும். ஆனா மைக் கையில இருந்தது தம்பி, நானூறு பேரு முன்னால இருந்தாங்க. நான் சகரியாவை எடுத்தேன். மூணுல ரெண்டு பங்குன்னு சொல்லிட்டு, "மக்களே, இதை ஐயாவுக்க பாஷையில சொல்லு. வரப்போற இக்கட்டை அவரு தெரிஞ்சுக்கிடணும்"னேன்.

"அப்பா, வேண்டாம்"னா.

"சொல்லு மக்களே."

"அப்பா, வேண்டாம்பா."

அது ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேட்டுது. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. பெத்த மகள் மேடையில வச்சு மாட்டேன்னா? குரலை ஒசத்திச் சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சிட்டே அவரு பாஷையில ஏதோ சொன்னா. மெதுவாச் சொன்னா. அவரு கண்ணாடியைக் கழத்தினாரு. சட்டையில தொடைச்சாரு. திரும்பப் போட்டாரு. பொறவு அவளைப் பாத்து நாலு வரி பேசினாரு.

"என்ன சொல்லுதாரு மக்களே?"

அவரு சொன்னதை அவ அப்படியே சொன்னா. "எங்க வீட்டுல ஆறு பேரு. அம்மா, அப்பா, ரெண்டு தங்கச்சி, நாலு பேரையும் ஒரே நாள்ல கொண்டு போயிட்டாங்க. நானும் அண்ணனும்தான் மிச்சம். மூணுல ரெண்டு பங்கு. சரியா வந்திருக்கே. இன்னும் எவ்வளவு வேணும்னு உங்க அப்பாகிட்ட கேளு."

 நானூறு பேரும் எனக்க வாயைப் பாக்காங்க. என்ன செய்வேன்? நாப்பது வருசம் பேசின வாயி, அதுவா வந்துட்டுது. "பாத்தியளா! அவரு வாயாலயே கேட்டியளா! வசனம் நிறைவேறிச்சு!"ன்னேன். சனம் கை தட்டிச்சு. அல்லேலூயான்னு கை தட்டிச்சு. அவரு ஸ்கிரீன்ல இருந்து அதைப் பாத்தாரு. சுகிர்தாவைப் பாத்து ஏதோ கேட்டாரு. எதுக்குக் கை தட்டுறாங்கன்னுதான் கேட்டிருப்பாரு. அவ எந்திரிச்சு வந்து போனை அணைச்சா.

அதுக்குப் பொறவு எனக்குப் போன் எடுக்க மாட்டா. அம்மைகிட்ட பேசுவா. நான் நெட்வொர்க் சரியில்லன்னு நெனச்சேன். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் நெனச்சேன்.

பொறவு அஞ்சு மாசம் கழிச்சு, ஒரு சனிக்கிழமை காலம்பற, தங்கபாய் தோசை சுட்டுக்கிட்டு இருக்கா, டிவியில சொல்லுதான். இஸ்ரவேல்ல சண்டை மூண்டாச்சு, ஏராளம் பேரு செத்தாச்சு, ராக்கெட்டு மழை மாதிரி விழுதுன்னு. நான் உங்ககிட்ட ஒண்ணையும் மறைக்கல்ல தம்பி. முதல்ல எனக்கு உள்ளுக்குள்ள என்ன வந்துதுன்னா, வந்துட்டுது, நான் சொன்னது வந்துட்டுதுன்னு. சந்தோசம்னு சொல்லக் கூடாது. ஆனா வேற என்ன பேரு சொல்ல? போனை எடுத்தேன். பாஸ்டருக்குப் போட்டேன். "பாஸ்டர், டிவி பாத்தியளா, ஆரம்பிச்சாச்சு"ன்னேன்.

திரும்பிப் பாத்தா தங்கபாய் கையில தோசைக் கரண்டியோட நிக்கா. "நம்ம மகள் எடுத்தாளா?"ன்னா. நான் பாஸ்டருக்குத்தான் போட்டேன்னேன். அவ கரண்டியை அடுப்புத் திண்டுல வச்சா. அதுக்குப் பொறவு எனக்கிட்ட பேசல்ல. ஒரு நிமிசந்தான் தம்பி. பாஸ்டர்கிட்ட பேசினது ஒத்த நிமிசம். மகளுக்குத்தான் அடுத்தாப்புல போட இருந்தேன்.

அன்னைக்கு உச்சைக்குத்தான் சுகிர்தா எடுத்தா. பின்னால சங்கு ஊதுற சத்தம் கேக்குது, நம்ம மில்லுல ஊதுமே, அந்த மாதிரி. "அப்பா, வைக்கேன், பொறவு பேசலாம்"னா. மூச்சு வாங்குது. அப்பந்தான் எனக்குப் பயம் வந்துது.  படத்துல எட்டுப் பேரு கறுப்புன்னு வரைஞ்சேனே, அந்த எடத்துல எனக்க மகள் நிக்கா.

மறுநாள்ல இருந்து நான்தான் அவளை நச்சரிக்கத் தொடங்கினேன். வந்துரு மக்களே, கவர்மெண்டு விமானம் விடுது, பேரைக் குடுன்னேன். அவ சொன்னா, "அப்பா, இந்த வீட்டுக்குள்ள பாதுகாப்பு ரூம் கிடையாது. கீழ இருக்கு. சங்கு ஊதினா ஒரு நிமிசத்துக்குள்ள எறங்கணும். நாப்பத்திரெண்டு படி. இவருக்கு நடக்க முடியாது. நான் முதுகுல தூக்கிட்டு எறங்குதேன். ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை."

அவ நாப்பத்தெட்டு கிலோ தம்பி. நீங்க பாத்தா நம்ப மாட்டிய, காத்தடிச்சா சாயுற மாதிரி இருப்பா.

"அவரை விட்டுட்டு வா"ன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். "அவரு ஜனம் அவரைப் பாத்துக்கிடும். நீ வந்துரு."

 அவ கேட்டா, "அப்பா, நாலு வருசமா இவரைப் பத்திக் கேக்கிய. இவரு பேரு என்னன்னு ஒரு நாளு கேட்டியளா?"

நான் யோசிச்சுப் பாத்தேன். கேக்கல்ல. கேக்கத் தோணல்ல. "பேரு என்ன மக்களே?"ன்னேன்.

"இப்பம் எதுக்கு?"ன்னா. "எல்லைக்கு அந்தப் பக்கத்துலயும் தினம் பிள்ளையள் சாகுது அப்பா. வெடிச் சத்தம் எங்களுக்குக் கேக்குது. அவங்களை உங்க படத்துல எங்க வரைஞ்சிருக்கிய?" வச்சிட்டா.

அதுதான் கடைசி. சண்டை தொடங்கி பதினொண்ணாவது நாளு போன் போகல்ல. காலம்பற போட்டேன், உச்சைக்குப் போட்டேன், அணைச்சு வச்சிருக்குன்னுதான் இருக்கும், ஒரு பெண்ணு தெரியாத பாஷையில என்னமோ சொல்லுதா. டிவியில அந்த ஊரு பேரு வருது. கட்டடம் ஒண்ணு பாதி இடிஞ்சு கிடக்கு. அது எனக்க மகளுக்க கட்டடமா, பக்கத்துக் கட்டடமா? எல்லாம் ஒரே மாதிரி. தங்கபாய் டிவிக்கு முன்னால தரையில இருக்கா, அழவும் இல்ல, அசையவும் இல்ல. ரெண்டு நாளு.

ரெண்டாவது நாளு சாயங்காலம் சபையில விசேஷக் கூட்டம். சண்டை காரணமாப் போட்ட கூட்டம். பந்தலுக்கு வெளிய ரோடு வரைக்கும் சனம். பாஸ்டர் ஆளு அனுப்பினாரு, அண்ணாச்சி வந்து படத்தை விளக்கணும்னு. நான் போனேன். ஏன் போனேன்னு கேட்டா, எங்க நிறைய பேரு சேந்து ஜெபம் பண்ணுதாங்களோ அங்க போய்க் கிடக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். பேசப் போகல்ல.

ஆனா படத்தைக் கட்டியாச்சு. பிரம்பைக் கையில குடுத்தாச்சு. தொடங்கினேன். எலும்புப் பள்ளத்தாக்கு சொன்னேன், கப்பல் சொன்னேன். வாயி அதுபாட்டுக்குப் போகுது. பிரம்பு அந்த எட்டுப் பேருக்கிட்ட வந்துது. சனம் காத்திட்டு இருக்கு. சில பேரு முன்கூட்டியே கையைத் தூக்கியாச்சு. கறுப்புல முதல் ஆளு ஒரு பெண்ணு. மெலிஞ்ச பெண்ணு. பெயிண்டர் யாரை மனசுல வச்சு வரைஞ்சானோ தெரியாது. 

மைக்கைக் கீழ வச்சேன். மேடையில முட்டுப் போட்டேன். "ஆண்டவரே, இது நிறைவேறாண்டாம்"னேன். மைக் இல்லாமலே கேட்டுது. "உம்மைக் கெஞ்சுதேன். நீர் சொன்னதை நீரே மாத்தும். நினிவே பட்டணத்தை அழிப்பேன்னுட்டு மனசு எளகினவர்தானே நீர், இதுக்கும் எளகும். இந்த மூணுல ரெண்டு பங்கு வேண்டாம். மூணு பங்கும் இருக்கட்டும். எல்லாரும் இருக்கட்டும்." சனத்தைப் பாத்துச் சொன்னேன், "எல்லாரும் முட்டுப் போடுங்க. வசனம் பொய்யாப் போகணும்னு ஜெபம் பண்ணுங்க."

ஒருத்தனும் முட்டுப் போடல்ல. முன்வரிசையில ஒரு ஆளு எந்திரிச்சு, "என்ன பேச்சு பேசுதிய அண்ணாச்சி!"ன்னான். பாஸ்டர் வேகமா வந்து மைக்கை எடுத்தாரு. "சகோதரர் மனவேதனையில இருக்காரு, அவருக்காக ஜெபிப்போம்"னாரு. ரெண்டு பேரு எனக்கக் கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கிக் கொண்டு போய் பின்னால உக்கார வச்சு, சோடா உடைச்சுக் குடுத்தாங்க. மறுவாரம் சபையில இருந்து கடுதாசி வந்துது. வேதத்துக்கு விரோதமாப் பேசினதால இனி மேடை ஏறக் கூடாதாம். நாப்பது வருசம் உழைச்சவனுக்கு நாலு வரிக் கடுதாசி! நான் அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன் தம்பி? கொல்லாண்டாம்னு கேக்கது தப்பா?

இல்ல, நீங்க சொல்லாண்டாம். நான் சும்மா கேட்டேன்.

அந்தக் கூட்டம் முடிஞ்ச மறுநாள் காலம்பற ஒரு மலையாளி நர்சு போன் போட்டா. அங்கத்த ஆஸ்பத்திரியில இருந்து. சுகிர்தா உசிரோட இருக்கா, இடுப்பும் இடது காலும் நொறுங்கிப் போச்சு, ஆப்பரேஷன் ரெண்டு முடிஞ்சாச்சுன்னா. தங்கபாய் அந்தப் போனை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு, சேலைத் தலைப்பை வாயில வச்சு அடைச்சிட்டு அழுதா. நான் கிட்டப் போனேன். தள்ளி நின்னுக்கிட்டா.

நடந்தது பொறவு ஒவ்வொண்ணாத் தெரிஞ்சுது. சங்கு ஊதியிருக்கு. அவரைத் தூக்கிட்டு எறங்கியிருக்கா. கீழ அறைக்குள்ள அவரை எறக்கி வச்சிட்டு, இரும்புக் கதவை இழுத்து மூட வாசலுக்கு வெளிய எட்டியிருக்கா. அந்த நேரத்துல ராக்கெட்டு விழுந்துட்டுது. மேல உள்ள சுவரு படியோட சரிஞ்சு அவ மேல. அவரு உள்ள, இவ வெளிய, நடுவுல பாதி திறந்த கதவு. அந்த இடுக்கு வழியா இவ கை மட்டும் உள்ள கிடந்திருக்கு. நடக்க முடியாத மனுசன் தரையில தவழ்ந்து வந்து அந்தக் கையைப் பிடிச்சிருக்காரு. ஆளுங்க வந்து கல்லை எடுக்க ஒண்ணேகால் மணி நேரம். தூங்கினா போயிருவான்னு அவருக்குத் தெரியும் போல. தூங்க விடாமப் பேசிக்கிட்டே இருந்திருக்காரு. அவரு பாஷை இவளுக்கு அந்த நேரத்துல மண்டையில ஏறல்ல. அவருக்குத் தமிழ்ல ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். இவ தினம் அம்மைகிட்ட போன்ல பேசுறதைக் கேட்டுப் படிச்சது. "சாப்டியா?" அதையே சொல்லியிருக்காரு. சாப்டியா, சாப்டியா, சாப்டியான்னு ஒண்ணேகால் மணி நேரம். இவ ஒவ்வொரு தடவையும் "சாப்டேன்"னு சொல்லியிருக்கா.

மன்னிச்சுக்கிடுங்க தம்பி. ஒரு நிமிசம். கைக்குட்டை இந்தப் பையிலதான் வச்சேன்.

மெனாகேம். அதுதான் அவருக்க பேரு. அந்த நர்சுகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வேதத்துல அந்தப் பேருல ஒரு ராஜா உண்டு, நல்ல ராஜா இல்ல. பாத்தியளா, இப்பவும் அதுதான் வாயில வருது.

நாலு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தா. அவரு தினம் சக்கர நாற்காலியில வந்து கட்டிலுக்குப் பக்கத்துல இருப்பாராம். அவரைத் தள்ளிட்டு வர வேற ஆளு போட்டிருக்கு. ஒரு நாளு தங்கபாய் பேசிட்டு இருக்கும்போது போனை வாங்கிட்டேன். பிடுங்கிட்டேன்னுதான் சொல்லணும். வீடியோவுல அவரு முகமும் தெரிஞ்சுது. "ஐயா, அன்னைக்குக் கை தட்டினதுக்கு என்னை மன்னிக்கணும்"னேன். சுகிர்தா கண்ணை மூடிட்டே அவருக்குச் சொன்னா.  அவரு ரெண்டு வரி சொன்னாரு. அதை அவ எனக்குச் சொல்ல மாட்டேன்னுட்டா. அந்த மலையாளி நர்சு பக்கத்துல நின்னவ, அவதான் சொன்னா. "கை தட்டினவங்களை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இந்தப் பிள்ளையைத்தான். கேக்கதா இருந்தா இவகிட்ட கேளுங்க."

கேக்கணும்னுதான் இருந்தேன். சத்தியமா இருந்தேன். ஆனா அதுக்குள்ள இன்னொரு காரியம் நடந்து போச்சு. தூத்துக்குடிப் பக்கத்து ஒரு சபைக்காரங்க என்னைப் பாக்க வந்தாங்க. மகள் தப்பினது பெரிய அற்புதம், வந்த உடனே மேடையில சாட்சி சொல்லணும்னாங்க. எங்க சபையில கடுதாசி குடுத்தவனுக்கும் ஒரு பாடமா இருக்கும்னு நான்... தங்கபாய் போனைத் திண்டுல வச்சிட்டுப் போன நேரம் பாத்து, ஒரு வார்த்தை, "மக்களே, ஒரே ஒரு கூட்டம், சாட்சி சொல்லுவியா?"ன்னு கேட்டுட்டேன். சும்மா கேட்டதுதான். சரின்னா சரி, இல்லன்னா இல்ல. மறுநாளுதான் அம்மைகிட்ட சொல்லியிருக்கா, அம்மை மட்டும் வந்தாப் போதும்னு.

நான் எதுக்கு அதைக் கேட்டேன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன். மன்னிப்பு கேக்கப் போன வாயி எதுக்கு அதைக் கேட்டுது?

ரெண்டு மாசம்தான் இருப்பாளாம். கால் சரியான உடனே திரும்பிப் போகணுமாம். அவருக்கு யாரும் இல்லன்னு தங்கபாய்கிட்ட சொல்லியிருக்கா. போகட்டும். நான் தடுக்க மாட்டேன். நான் ராத்திரியும் பகலும் ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன் ஆண்டவர்கிட்ட, அதுக்குள்ள அங்க எல்லாம் அடங்கணும்னு. கேக்காரா இல்லியான்னு தெரியல்ல. முன்னால எல்லாம் அவரு என்ன செய்யப் போறாருன்னு தேதி வாரியாச் சொல்லுவேன். இப்பம் எனக்கு ஒண்ணுமே தெரியல்ல தம்பி. ஒண்ணுமே.

என்னா, கதவு திறக்குதா? வந்தாச்சா?

உங்க மச்சினனா முன்னால வாரது? சிவப்புத் தொப்பியா? போங்க, போங்க... இல்ல, கொஞ்சம் நில்லுங்க. அந்தா பின்னால ஒரு சக்கர நாற்காலி வருது. எனக்குக் கண்ணு தெளிவாத் தெரியல்ல. தலைமுடி வெட்டியிருக்கு. எனக்க மகளுக்கு முடி இடுப்பு வரைக்கும் உண்டு. அது அவதானா? தங்கபாய் கம்பியைத் தாண்டி ஓடுதா பாருங்க. அவதான். ஆண்டவரே, எவ்வளவு சின்னதா இருக்கா.

தம்பி, ஒரு உபகாரம். உங்க மச்சினனைக் கூட்டிட்டு அந்த வழியாத்தானே வருவிய? அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். சுகிர்தான்னு பேரு. "உங்க அப்பா அந்தத் தூணுக்குப் பின்னால இருக்காரு, கிட்ட வரலாமா?"ன்னு கேளுங்க. வேற ஒண்ணும் சொல்லாண்டாம். நான் அழுததையும் சொல்லாண்டாம். வரலாம்னா கையைத் தூக்கிக் காட்டுங்க, வருவேன். வேண்டாம்னா நீங்க இந்தப் பக்கம் திரும்பாண்டாம், அப்படியே போங்க. ஒரு மணிக்கு பஸ் உண்டு, நான் அதுல போயிருவேன்.